கொழும்பில் தேன்குட எறும்பு வளர்க்கலாமா? மகளுக்காகக் கேட்கிறேன்

வெள்ளவத்தையான் கேட்டது:

வணக்கம். எறும்பு வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மீன் தொட்டி இருந்தது, அதைத் தவிர வேறெதுவும் வளர்த்துப் பழக்கமில்லை.

மகள் தரம் 8 படிக்கிறாள். போன விடுமுறையில் ஒரு வீடியோ பார்த்தாள். மண்ணுக்குள் ஓர் அறை, அதன் கூரையில் எறும்புகள் வரிசையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றின் வயிறும் முந்திரிகைப் பழம் மாதிரி ஊதி, உள்ளே விளக்கு எரிவதுபோல் மஞ்சளாக மினுங்குகிறது. மற்ற எறும்புகள் வந்து வாயோடு வாய் வைத்துத் தேன் வாங்கிக்கொண்டு போகின்றன. அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. கொப்பி முழுக்கத் தொங்குகிற எறும்புதான் கீறி வைத்திருக்கிறாள். பிறந்த நாளுக்குச் சைக்கிள் வேண்டாம், இதுதான் வேண்டும் என்கிறாள்.

நானும் தேடிப் பார்த்தேன். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் ஓர் இராணியும் ஐந்து வேலைக்காரிகளும் 90 டொலருக்கு அனுப்புகிறார்களாம். இலங்கைக்கு வருமா என்று கேட்டதற்கு, சின்னக் கண்ணாடிக் குழாய்தான், கடித உறைக்குள் வைத்து மேலே கைவினைப் பொருள் என்று எழுதிவிடுவோம், ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று பதில் போட்டார்கள். அந்தப் பதில்தான் எனக்கு இடித்தது. காசு இன்னும் அனுப்பவில்லை.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் தொடர்மாடியில் மூன்றாவது மாடி. உப்புக் காற்று, நல்ல ஈரப்பதன், ஓர் அறையில் மட்டும் ஏசி. குசினியில் சின்ன எறும்புத் தொல்லை எப்போதும் உண்டு. இந்தச் சூழலில் அந்த எறும்புகள் உயிரோடு இருக்குமா? என்னென்ன வேண்டும்? முக்கியமாக, அப்படி வீங்கித் தொங்குவது அவற்றுக்கு வேதனையா என்று மகள் கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

கட்டெறும்பு_தெகிவளை எழுதியது:

அண்ணா, காசு அனுப்பாமல் விட்டது நல்ல காரியம். இனியும் அனுப்ப வேண்டாம்.

உயிருள்ள எந்த விலங்கையும் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது, எறும்பும் விலங்குதான். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒரு பக்கம், 1999இன் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு பக்கம். பூச்சி, மண், விதை எது வந்தாலும் கட்டுநாயக்கவில் தாவரத் தடுப்புக்காப்புக்காரர்கள் பார்க்க வேண்டும். கைவினைப் பொருள் என்று எழுதி அனுப்புகிறவன் தப்பிவிடுவான், பார்சலில் உங்கள் பெயரும் வீட்டு விலாசமும்தான் இருக்கும். 2025இல் கென்யாவில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். பெல்ஜியத்துப் பையன்கள் இருவர் ஏறக்குறைய 5,000 இராணி எறும்புகளைப் பஞ்சு வைத்த குழாய்களுக்குள் அடைத்து வைத்திருந்து பிடிபட்டார்கள். இருவருக்கும் ஆளுக்கு 7,000 டொலருக்கு மேல் தண்டம். பொழுதுபோக்குக்காகச் சேர்த்தோம் என்று சொன்னது எடுபடவில்லை.

சட்டத்தை விடுங்கள். வெளியூர் எறும்பு தனியாக வராது, உடம்பில் உண்ணியும் பூஞ்சணமும் சேர்ந்துதான் வரும். மஞ்சள் பைத்திய எறும்பு என்று ஒன்று, நம் பக்கத் தோட்டங்களிலும் உண்டு, அது மனிதர் வழியாகக் கிறிஸ்மஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட செந்நண்டுகளைக் கொன்றது. யாரும் வேண்டுமென்று கொண்டுபோகவில்லை.

அப்புறம் கொழும்பு. இவை பாலைவன எறும்புகள். நான் நம் ஊர்க் கம்போனோட்டஸ், அதாவது பெரிய கறுப்புக் கட்டெறும்புதான் ஐந்து வருடமாக வளர்க்கிறேன். இங்கேயே பிறந்த எறும்புக்கே மே, யூன் மழையில் பூஞ்சணத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சீனித் தண்ணீர் காலையில் வைத்தால் மறுநாள் புளித்த மணம். தின்று போட்ட பூச்சித் துண்டை ஒரு நாள் எடுக்காமல் விட்டால் வெள்ளை மயிர் முளைத்துவிடும். ஈரப்பதன் 80க்கு மேல் நிற்கிற ஊரில் பாலைவன எறும்பு ஒரு மழைக்காலம் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதைவிடப் பெரிய எதிரி உங்கள் குசினியில் இருக்கிறது. இரண்டாம் வருடம் என்னிடம் எழுபது எண்பது வேலைக்காரிகளோடு ஒரு நல்ல கூடு இருந்தது. கீழே தண்ணீர்த் தட்டு வைத்திருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய் நான்கு நாளில் திரும்பி வந்தால் தட்டு காய்ந்து கிடக்கிறது. சுவரிலிருந்து கோடு மாதிரி சின்ன எறும்புப் படை, கூட்டுக்குள் ஒரு முட்டை மிச்சமில்லை, இராணியின் கால்கள் மட்டும் ஒரு மூலையில் கிடந்தன. இன்றைக்கும் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அன்ரியிடம் சாவி கொடுத்துவிட்டுத்தான் போகிறேன், சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கச் சொல்வதோடு தட்டுக்குத் தண்ணீரும் விடச் சொல்லி.

கொட்டாஞ்சேனைப்பெண் எழுதியது:

அண்ணா, உங்கள் மகளின் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள், இப்போது அரிசோனாவில் டூசோன் நகரத்தில் இருக்கிறேன். அந்த எறும்புகள் இங்கே என் வீட்டு வாசல் மண்ணிலேயே இருக்கின்றன. நான்கு வருடமாக ஒரு கூட்டம் வளர்க்கிறேன்.

முதலில் அவள் கேட்டதற்கு வருகிறேன். வீங்கியிருப்பது நோயும் இல்லை, யாரும் வலுக்கட்டாயமாக ஊட்டுவதும் இல்லை. எறும்புக்குத் தன் சாப்பாடு செரிக்கிற வயிறு ஒன்று, அதற்கு முன்னால் ஊருக்காக வைத்திருக்கிற பை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு. குடமாகிறவள் நிரப்புவது அந்த முன் பையை. கூட்டுப்புழு உறையைவிட்டு வெளிவந்து கொஞ்ச நாளே ஆன, தோல் இன்னும் மெதுவாக இருக்கிற இளசுகளில் உடம்பு பெரியவைதான் இந்த வேலைக்குப் போகின்றன. வயிற்றின் மேலே இருக்கிற கடினமான ஓடுகள் விரியாது, அவற்றுக்கு நடுவில் உள்ள சவ்வுதான் விரிகிறது. கிட்ட வைத்துப் பார்த்தால் பொன்னிறக் குண்டின் மேல் நான்கைந்து கறுப்புக் கீற்றுகள் ஒன்றையொன்று விட்டுத் தள்ளித் தள்ளி நிற்கும், அவைதான் ஒரு காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த ஓடுகள். பசித்து வருகிறவள் கொம்பால் அவள் முகத்தை இரண்டு மூன்று தரம் தட்டுவாள். தொங்குகிறவள் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வாய்க்கு ஒரு துளியைக் கொண்டுவருவாள். அந்தத் துளி இரண்டு வாய்களுக்கும் நடுவில் ஒரு விநாடி மினுங்கி நிற்கும். நான் வேலை முடிந்து வந்து அதைப் பார்க்கத்தான் இருட்டில் சிவப்பு லைட் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

எல்லாக் குடமும் ஒரே நிறமில்லை, அதையும் அவளிடம் சொல்லுங்கள். கடும் தேன் நிறத்தில் இருப்பவற்றில் சீனி அதிகம். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருப்பவையும் உண்டு, அவற்றில் சீனி மிகக் குறைவு.

என்னிடம் இருப்பது மிர்மெக்கோசிஸ்டஸ் மெக்சிக்கானஸ். வெளிர் மஞ்சள் உடம்பு, பெரிய கண், இரவில் மட்டும்தான் வெளியே வரும். இங்கே யூலையில் மழை தொடங்கும், நல்ல மழை ஒன்று பெய்த பிறகு இராணிகள் பறக்கும். 2021 யூலையில் இரண்டு இராணிகளை எடுத்தேன். குழாயில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, பஞ்சுக்கு இந்தப் பக்கம் இராணி, குழாயின் வாயில் இன்னொரு பஞ்சு, மேலே கறுப்புத் துணி சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். முதல் வேலைக்காரிகள் வரும்வரை அவளுக்குச் சாப்பாடு வேண்டாம், இனித் தேவைப்படாத இறக்கைத் தசையைக் கரைத்துத்தான் முதல் பிள்ளைகளை வளர்ப்பாள். கஷ்டமான வேலை எது என்று கேட்டால் இந்தக் காத்திருப்புத்தான். நான் இரண்டு நாளைக்கு ஒரு தரம் திறந்து பார்த்த இராணி முட்டைகளைத் தானே தின்றுவிட்டு அந்த மாதமே செத்துப்போனாள். கிழமைக்கு ஒரு தரம் மட்டும் எட்டிப் பார்த்தவள் இன்றும் இருக்கிறாள்.

தெகிவளைத் தம்பி சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன். பாலைவன எறும்பு என்றால் வரண்ட கூடு என்று நினைக்கக் கூடாது. இவை மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கிறவை, அங்கே ஈரமும் உண்டு, குளிர்ச்சியும் உண்டு. வெளியே 42 பாகை வெயில் அடிக்கும்போது என் கூட்டை 25, 26இல் வைத்திருக்கிறேன். கூட்டின் ஒரு முனை ஈரமாகவும் மறு முனை காய்ந்தும் இருந்தால் தங்களுக்கு வேண்டிய இடத்தை அவையே தேடிக்கொள்ளும், குடங்களை ஓரிடத்திலும் புழுக்களை ஓரிடத்திலும் வைக்கும். இரை தேடுகிற வெளித் திடல்தான் காய்ந்து இருக்க வேண்டும். கொழும்பில் முடியாமல் போவது அந்த வெளித் திடல்தான், கூடு இல்லை.

கூட்டில் நான் விட்ட பெரிய பிழையைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். முதல் கூடு வழவழப்பான அக்ரிலிக். பார்க்க வடிவு. குடங்கள் உருவாகத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. விழுந்தவள் தானாக எழும்ப மாட்டாள், வயிறு தரையில், கால்கள் காற்றில். சிலவற்றை மற்றவை இழுத்துச் சுவரில் ஏற்றிவிட்டன. ஒருத்தி விழுந்த வேகத்தில் வெடித்துவிட்டாள், ஒரு நிமிடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று சிந்தியதைக் குடித்தார்கள். அடுத்த கூட்டைப் பிளாஸ்டரில் செய்து, கூரை முழுக்க மணல் ஒட்டிச் சொரசொரப்பாக்கினேன், அறையை மூன்று சென்ரிமீற்றர் உயரமாக்கினேன். அதற்குப் பிறகு விழவில்லை. ஆனால் அந்தக் கூட்டைச் சரிக்கவோ தட்டவோ முடியாது. வீடு மாறியபோது காரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், கணவர் சைக்கிளை விட மெதுவாக ஓட்டினார்.

இதே எறும்பை 1879இலேயே மக்கூக் என்ற அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் கொலராடோவில் கூடாரம் அடித்துத் தங்கி ஆராய்ந்திருக்கிறார். அவர் கண்டதில் ஒன்று என் மனதைவிட்டுப் போகவில்லை. குடம் செத்துப்போனால் மற்றவை அவளின் வயிற்றைத் தனியே கழற்றி, உள்ளே தேன் அப்படியே இருக்க, அதைத் தொடாமல் உருட்டிக்கொண்டுபோய்ச் செத்தவர்களைப் போடுகிற இடத்தில் போட்டுவிடுமாம். என் கூட்டிலும் இரண்டு தரம் பார்த்துவிட்டேன். சிந்தியதைக் குடிக்கிறவைதான், ஆனால் இறந்தவளின் வயிற்றை உடைத்துக் குடிக்கவில்லை.

சாப்பாடு பெரிய சிக்கல் இல்லை. தேனில் தண்ணீர் கலந்து தினமும், வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் பழ ஈயோ சில்வண்டுத் துண்டோ. இனிப்புக் குறைந்தால் குடம் வராது, பூச்சி குறைந்தால் புழு வளராது. முதல் வருடம் எல்லாம் சின்னச் சின்ன எறும்புகள், வயிறு கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். வீடியோவில் வருகிற மாதிரி உருண்டைகள் எனக்கு வந்தது இரண்டாம் வருட முடிவில். 90 டொலர் கொடுத்து வாங்குகிற ஐந்து வேலைக்காரியில் அந்தக் காட்சி கிடைக்காது, கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கடைசியாக ஒன்று. இங்கேயே ஒரு மாநிலத்திலிருந்து மற்ற மாநிலத்துக்கு உயிருள்ள எறும்பு அனுப்ப விவசாயத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நானே பக்கத்து மாநிலத்துச் சிநேகிதிக்குக் கொடுக்க முடியாத ஒன்றை அவர்கள் கடல் கடந்து கடித உறையில் அனுப்புகிறார்கள் என்றால், அது எங்கிருந்து எப்படித் தோண்டி எடுத்தது என்று யோசியுங்கள். வளர்ந்த கூட்டைத் தோண்டினால் அந்தக் குடங்களில் பாதி மண் சரிவிலேயே போய்விடும்.

வெள்ளவத்தையான் எழுதியது:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். தங்கச்சி எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், வயிற்றைக் கழற்றிக் கொண்டுபோகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்க வைத்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அழுவாளோ என்று பயந்தேன், அழவில்லை. கேட்ட கேள்வி இதுதான்: ஏன் நமது எறும்புகள் அப்படிச் செய்வதில்லை? இங்கே அப்படி ஒன்றும் இல்லையா? கட்டெறும்புத் தம்பி வளர்ப்பதை அவள் பார்க்க முடியுமா, அல்லது நாங்களே ஒன்று தொடங்கலாமா?

பம்பலப்பிட்டி_ரீச்சர் எழுதியது:

மகளின் கேள்வி மிக நல்ல கேள்வி, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள்.

கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. அந்தத் தங்கச்சி இருக்கிற டூசோனில் சராசரி 300ஐக்கூட எட்டாது, அதிலும் ஏறக்குறைய பாதி கோடை மழைக்காலத்திலேயே வந்து முடிந்துவிடும். மழைக்குப் பிறகு பூ, தேன், செடிப்பேன் விடுகிற இனிப்பு எல்லாம் ஒன்றாக வரும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே இராது. மெழுகில் கூடு கட்டத் தெரிந்த தேனீ அதை அறைகளில் ஊற்றி வைக்கிறது. எறும்பிடம் மெழுகு இல்லை, பாத்திரமும் இல்லை, ஆகவே தங்கள் கூட்டத்தில் சிலரையே பாத்திரமாக்கிக்கொண்டது. வரட்சியான இடங்களில் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத எறும்பு இனங்கள் தனித்தனியாக இதே வழிக்கு வந்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் மல்கா மரங்களின் கீழே இருப்பது கம்போனோட்டஸ் இன்ஃபிளாட்டஸ், அதாவது நம்முடைய கட்டெறும்பின் சொந்தக்காரி. ஆதிவாசிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தோண்டி எடுத்து உண்கிறார்கள். அந்தத் தேன் சில கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது என்று 2023இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தினர் ஆய்வுக்கூடத்தில் பார்த்து எழுதினார்கள், அதில் பொன்னிறக் கோளவுரு (ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ்) பக்ரீரியாவும் ஒன்று.

இங்கே எந்த மாதமும் ஏதோ ஒன்று பூத்துக்கொண்டிருக்கும், சேமிக்க வேண்டிய நெருக்கடி இல்லை. ஆனால் அந்தப் பை நமது எறும்புக்கும் இருக்கிறது. அதை உங்கள் குசினி மேசையிலேயே காட்டலாம்.

சீனிப் போத்தலுக்கு வருகிற மிகச் சின்ன எறும்பைப் பாருங்கள், தலை கறுப்பு, வயிறும் கால்களும் கண்ணாடி மாதிரி வெளிறி இருக்கும். டாபினோமா மெலனோசெஃபலம் என்று பெயர், பேய் எறும்பு என்பார்கள். நசுக்கினால் பழைய தேங்காய் மணம் வரும், நசுக்க வேண்டாம். கேக்குக்குப் போடும் கலரிங்கை, சிவப்பு ஒன்று நீலம் ஒன்று, சீனித் தண்ணீரில் கலந்து வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சாண் தள்ளி ஒவ்வொரு துளி வையுங்கள். அது குடித்து முடிக்கும்போது வயிறு எந்த நிறம் என்று வில்லைக்கண்ணாடியில் பார்க்கட்டும். ஓடுகள் விலகி நடுவில் சவ்வு தெரிவதும் தெரியும், அரிசோனாவில் முந்திரிகைப் பழமாகிறது இங்கே கடுகு நுனி அளவில் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் நாட்டு எறும்பு ஒன்றைப் பற்றியும் அவளிடம் சொல்லுங்கள், நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன். அனுரெட்டஸ் சிமோனி. 1893இல் பெயரிடப்பட்டது. ஒரு முழு உபகுடும்பத்தில் உலகத்தில் உயிரோடு மிஞ்சியிருக்கிற ஒரே இனம், மற்றதெல்லாம் அழிந்துபோய், புதைபடிவமாகக் கல்லிலும் அம்பர் என்ற கல்லான மரப்பிசினிலும்தான் இருக்கின்றன. சிங்கராஜ, கிலிமலைப் பக்கத்து ஈரக் காடுகளில் உக்கிய கொப்புக்குள் வாழ்கிறது, வேறெந்த நாட்டிலும் இல்லை. அது வளர்ப்பதற்கில்லை, தொடவே கூடாது. ஆனால் எறும்பில் ஆசை வைத்த ஒரு பிள்ளை இலங்கையில் பிறந்திருக்கிறாள் என்றால் அந்தப் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டெறும்பு_தெகிவளை எழுதியது:

ரீச்சர் சொன்ன கலரிங் வேலை எனக்கே புதிது, இன்றிரவு செய்து பார்க்கிறேன். ஈரம் பற்றி அக்கா திருத்தியதும் சரி, கூட்டையும் வெளித் திடலையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

அண்ணா, தாராளமாகத் தொடங்கலாம். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், என்னுடையதைக் காட்டுகிறேன், ஆனால் இருப்பதைப் பிரித்துத் தர முடியாது, இராணி இல்லாமல் நாலு வேலைக்காரியைக் கொண்டுபோனால் அவை வயதாகிச் சாகும்வரை ஓடித் திரியும், வேறொன்றும் நடக்காது. ஒக்ரோபர் நடுவில் பின்னேர இடிமழை தொடங்கும்தானே. மழை விட்ட இரவில் மொட்டைமாடி லைட்டடிக்கு ஈசலோடு சேர்ந்து எறும்பு இராணிகளும் வரும். கம்போனோட்டஸ் இராணி வேலைக்காரியைவிட நன்றாகப் பெரியது, முதுகு கூனல் போட்ட மாதிரி உயர்ந்திருக்கும், இறக்கை உதிர்ந்த இடத்தில் சின்ன வடு தெரியும். இறக்கையைத் தானாகப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் அவசரமாக நடந்து திரிகிறவளைப் பிடியுங்கள். இறக்கையோடு இருக்கிறவள் இன்னும் இணை சேராதவளாக இருக்கலாம். சரணாலயம், காடு என்று போய் எடுக்க வேண்டாம், உங்கள் மாடிக்கு வருகிறதே போதும், அடுத்த நாள் காலையில் காகம் தின்னப் போகிறதுதான் அது.

குழாய் வேலையெல்லாம் அக்கா எழுதியது மாதிரியேதான். கொழும்புச் சூட்டில் சூடேற்ற ஒன்றும் வேண்டாம், ஏசி அறையில் மட்டும் வைக்காதீர்கள். நான்கிலிருந்து ஆறு கிழமைக்குள் முதல் வேலைக்காரிகள் வந்துவிடும். ஐந்தாறு பேர் ஓடத் தொடங்கியதும் ஊசி முனையில் ஒரு துளி தேன் தண்ணீர், பழுத்த வாழைப்பழத்தைப் போத்தலில் போட்டு வைத்தால் வருகிற பழ ஈ ஒன்றிரண்டு. வீட்டில் செத்துக் கிடக்கிற கரப்பானை மட்டும் கொடுக்க வேண்டாம், யார் மருந்து அடித்து வந்ததென்று தெரியாது.

குழாய் எப்போதும் தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் இருக்க வேண்டும். என் அம்மம்மா சாப்பாட்டு அலுமாரியின் நான்கு காலுக்கும் மீன் டின் வைத்துத் தண்ணீர் விடுவார், அதே முறைதான். தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவுகிற திரவம் விட்டால் மேலே தூசிப் படலம் கட்டாது, படலம் கட்டினால் பேய் எறும்பு அதன் மேல் நடந்தே வந்துவிடும். கிழமைக்கு ஒரு தரம் மாற்றினால் நுளம்புப் புழுவும் வராது, டெங்குக்காரர் வந்தாலும் பயமில்லை.

வெள்ளவத்தையான் எழுதியது:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சனிக்கிழமை காலை கலரிங் வைத்தோம். முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை, மகளுக்குப் பொறுமை போய்விட்டது. பிறகு ஒன்று வந்து நீலத் துளியின் ஓரத்தில் நின்றது, அசையவே இல்லை. வில்லைக்கண்ணாடியில் பார்த்தால் வயிறு பின்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டு வருகிறது. அது திரும்பிப் போய்ச் சுவர் வெடிப்புக்குள் நுழைந்த சில நிமிடங்களில் ஒரு கோடே வந்துவிட்டது. மனைவி தட்டைத் துடைக்க வந்தவர் தானும் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மகள் கொப்பியில் நேரம் குறித்துக்கொண்டே இருந்தாள். 10.40க்குச் சிவப்பு வயிற்றோடு திரும்பிப் போன ஒன்றும் நீல வயிற்றோடு போன ஒன்றும் ஜன்னல் விளிம்பில் முகத்தோடு முகம் நின்றன. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லையாம், எண்ண மறந்துவிட்டாளாம். பிரிந்தபோது சிவப்பாக இருந்தவளின் வயிற்றில் ஊதா நிறம் கலந்திருந்தது. அதை வண்ணப் பென்சிலில் கீறி ரீச்சருக்குக் காட்டச் சொல்லி வைத்திருக்கிறாள், படம் எப்படி ஏற்றுவது என்று யாராவது சொல்லுங்கள்.

நேற்று இரவு நல்ல மழை. மொட்டைமாடிக்குப் போனோம், ஈசல்தான் நிறைய, இராணி ஒன்றும் அகப்படவில்லை. இன்றைக்கும் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. குழாய், பஞ்சு, கறுப்புத் துணி எல்லாம் மேசையில் எடுத்து வைத்திருக்கிறாள். தெகிவளைத் தம்பி, வருகிற ஞாயிறு பின்னேரம் வந்தால் வசதிப்படுமா?